சுவர் கொள்ளாத கரை

துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்த பெயர். ஆடும் ஏணியில் நின்று, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வளைந்த பலகையில் அவள் இழுக்கும் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். அங்கே நிற்கும் படகுகளில் பெரும்பாலானவற்றில் அவள் கைவண்ணம்தான். வெளியூர்ப் படகு ஏதாவது கரைக்கு வந்தால், அதன் எழுத்தைப் பார்த்துவிட்டு, "யாரு எழுதினது? கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று சொல்லாமல் அவளால் தாண்டிப் போக முடியாது.

அந்த வருடம் சாலைத் துறை பழைய கடற்கரைச் சாலையைச் செப்பனிட்டு, காரில் ஊர் சுற்றுகிறவர்களுக்கான வழித்தடமாக அறிவிக்கத் தீர்மானித்தது. மாலுமிகளின் கல்லறைத் தோட்டத்தில் தொடங்கி, பழைய சுங்க மாளிகை, மீன்பிடி துறைமுகம், கோட்டை என்று வந்து, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு அப்பால் இருக்கும் கலங்கரை விளக்கத்தில் முடிகிற வழி. விளக்கின் காலடியில் ஒரு மீனவர் குடியிருப்பு. துறைமுகத்துக்காரர்கள் அதை அக்கரை என்பார்கள். கோட்டையின் வண்டி நிறுத்துமிடத்துக்கு எதிரே ஐஸ் ஃபேக்டரியின் பக்கச் சுவர் நீளமாக, வெறுமையாக நின்றது. அதில் வழித்தடத்தைப் பெரிய படமாக வரையும் வேலையைச் சாலை இன்ஜினியர் ஸ்கேலிடம் கொடுத்தான். ஊரில் இருந்த எல்லாப் படகுகளையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

கூடவே ஒரு வரைபடத் தாளையும் கொடுத்தான். அவள் அதை ஒரு முறை விரித்துப் பார்த்தாள். "இது எனக்குத் தெரியாத கரையா சார்?" என்று சொல்லி, தரையில் விரித்து, அதன் மேல் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கினாள்.

படம் முடிந்த அன்று துறைமுகமே சுவருக்கு முன்னால் நின்றது. கல்லறைத் தோட்டத்தின் வெள்ளைச் சிலுவைகள், சுங்க மாளிகையின் இடிந்த மாடி, கோட்டையின் மூன்று கொத்தளங்கள், நீல நிறத்தில் முகத்துவாரம், அதற்கு ஒரு சாண் தள்ளி அக்கரை, சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. எல்லாம் மூக்கும் முழியுமாக இருந்தன. மீனவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"நாங்க வலை போடற பாறைய ஒரு விரக்கடை வெளிய தள்ளிட்டக்கா" என்றான் ஒருவன்.

"உன் பாறை நீ குடிச்சிருக்கிறப்ப கிட்ட வரும், குடிக்காதப்ப தள்ளிப் போகும். நான் என்ன பண்றது?"

கூட்டம் சிரித்தது. பாறையை அவள் சரிசெய்து கொடுத்தாள். வேறு யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. இன்ஜினியரும் வந்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒன்றும் விடுபடவில்லை என்று தலையசைத்துவிட்டுப் போனான்.

மறுவாரம் ஒரு மாலையில் அக்கரையிலிருந்து நாத்தனார் போனில் கூப்பிட்டாள். ஸ்கேலின் கணவனுக்கு உடன்பிறந்த தங்கை அவள். பல வருடங்களாகக் கூடையில் மீன் சுமந்து பஸ் ஏறி விற்றவள். வழித்தடச் செய்தி வந்ததும், வலை போட்டு வைத்திருந்த நீளக் கூடத்தை ஒழித்து, மேஜை நாற்காலி போட்டு, சாப்பாட்டுக் கடை ஆக்கியிருந்தாள்.

"அண்ணி, என்ன வரைஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஏன், என்ன ஆச்சு?"

"ரிட்டையரான பேங்க் மேனேஜராம், பொண்டாட்டியோட வந்திருக்காரு. மத்தியானம் உங்க சுவத்தைப் பாத்தாராம். கோட்டைக்குப் பக்கத்துலயே விளக்கு இருக்கு, அங்க போய் சாப்பிடலாம்னு கிளம்பினாராம். சாயங்காலம் வந்து சேந்திருக்காங்க. அந்தம்மா பசியில பேச முடியாம உக்காந்திருக்கு. அவரு மட்டும் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசறாரு."

"கோட்டையிலேந்து அரை மணி நேரம்தானே?"

நாத்தனார் நிதானமாகக் கேட்டாள்: "அண்ணி, அவங்க படகுலயா வந்தாங்க?"

ஸ்கேல் போனைப் பிடித்தபடியே சுவர் இருந்த பக்கம் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து அக்கரைக்குப் படகில்தான் போயிருக்கிறாள். கல்யாணம் பேசப் போனது, பிரசவம் பார்க்கப் போனது, துக்கத்துக்குப் போனது எல்லாம் படகில். கோட்டைக் கல்லில் கால் வைத்து ஏறினால், ஒரு கதை பேசி முடிப்பதற்குள் விளக்கு வந்துவிடும். அந்தத் தூரத்தைத்தான் கை வரைந்திருந்தது. ஆனால் முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. கார் ஆற்றின் ஓரமாகவே உள்நாட்டுக்குள் போய், பழைய பாலத்தில் ஏறி இறங்கி, மறுகரை வழியாகத் திரும்பிக் கடலுக்கு வர வேண்டும். இரண்டரை மணி நேரம் ஆகும். இது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். சுவரைப் பார்த்தபோது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் கணவன் படகு மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஸ்பேனரைத் துடைத்தபடி சொன்னான்: "உன் கோடு நேராத்தான் இருக்கு. ரோடுதான் கோணலாப் போகுது."

"வாய மூடு. தப்பு என்னுது."

"நான் எப்ப இல்லன்னேன்?"

அந்த மேனேஜர் சும்மா இருக்கவில்லை. சாலைத் துறைக்கு எழுதினார். அடுத்து இன்னும் இரண்டு கார்கள் அதே மாதிரி ஏமாந்தன. ஒரு குடும்பம் விளக்கு பூட்டியபின் போய்ச் சேர்ந்து, குழந்தைகளைப் பூட்டின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியர் ஜீப்பில் வந்து சுவருக்கு முன்னால் இறங்கினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானும் கையெழுத்துப் போட்டவன்தான்" என்றான். "பேரை எல்லாம் பாத்தேன், தூரத்தைப் பாக்கல. அதை விடுங்க. திங்கட்கிழமை கடைசி வழித்தடத்தை மேல அனுப்பணும். நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். வழி கோட்டையோட முடியட்டும். அக்கரைய விட்டுடலாம்."

"விட்டுடலாம்னா?"

"முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் நீலத்தை அடிச்சிடுங்க. கடல்னு நெனச்சுக்குவாங்க."

"அங்க என் நாத்தனார் கடை இருக்கு சார்."

"தெரியும். ஆனா கோட்டையிலேந்து அங்க போற வரைக்கும் வெறும் ரோடு. நல்ல ரோடு, நான் போட்டதுதான். ஆனா நடுவுல பாக்க ஒண்ணும் இல்ல. இரண்டரை மணி நேரம் சும்மா யாரு ஓட்டுவா?"

"காரைப் படகுல ஏத்திடலாம்" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"உன்ன ஏத்தினாலே என் படகு சாயுது" என்றான் இன்னொருவன்.

பன்னிரண்டு மணிக்குள் சேதி அக்கரைக்கு எட்டிவிட்டது. அரை மணியில் நாத்தனார் படகில் வந்து இறங்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சுவருக்கு வந்தாள். விளக்கின் மேல் கை வைத்தாள். பெயிண்ட் காய்ந்து வழவழவென்று இருந்தது.

"இதைத்தான் அழிக்கப் போறீங்களா?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமலே செய்யறவங்களாச்சே நீங்க. தாள் கொடுத்தாங்களாம், அது மேல டப்பாவ வச்சீங்களாம். ஊரே சொல்லுது."

"வச்சேன்தான்."

"கூடைய பரண்ல தூக்கிப் போட்டேன் அண்ணி. வலை எல்லாத்தையும் மச்சான் வீட்டுக்குக் குடுத்தாச்சு. வாங்கிக்கிட்டு மச்சான் என்னைக் கேட்டாரு, 'கார்க்காரன் வருவானா?'ன்னு. 'எங்க அண்ணி சுவத்துல போட்டிருக்காங்க, வராம எங்க போவான்?'னு சொன்னேன்." விளக்கின் மேலிருந்து கையை எடுத்தாள். "நான் திரும்ப அந்தக் கூடைய இறக்க மாட்டேன். அதை மட்டும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"இறக்க வேணாம்."

"எப்படி? நீலம் அடிச்சுட்டு அது மேல மீன் வரைவீங்களா?"

ஸ்கேல் நேராக இன்ஜினியரிடம் போனாள். கோட்டைப் பக்கத்து ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து, அவன் அப்போதுதான் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தான்.

"சார், நடுவுல ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. நான் அந்த ரோட்ல போனதே இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்க. பாத்துட்டு, நீங்க சொன்னது சரின்னா, நானே நீலம் அடிக்கறேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நாளைக்குக் காலையில" என்றான்.

சனிக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். முதல் அரை மணிக்குள் ஸ்கேல் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாலையோரம் வாந்தி எடுத்தாள். எந்தப் புயலிலும் அசையாத வயிறு. தண்ணீர் பாட்டிலை நீட்டிய இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"சிரிங்க சார். ஒரு நாள் உங்கள நான் படகுல கூட்டிட்டுப் போறேன், அப்ப பாக்கலாம்."

சாலை ஆற்றை ஒட்டிப் போனது. இடது பக்கம் உப்பளங்கள். கடலிலிருந்து பார்க்கும்போது அவை அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. மேகம் என்றே அவள் சிறுவயதில் நினைத்திருந்தாள். இங்கே அவை பாத்தி பாத்தியாகப் பக்கத்தில் கிடந்தன, ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொரு நிறத் தண்ணீர். ஒன்றில் ரோஜா நிறம். அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த நிறத்துக்கு எதை எதோடு கலக்கலாம் என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

பாலம் வந்தது. செங்கல் வளைவுகள் வரிசையாக ஆற்றில் கால் வைத்து நின்றன. இன்ஜினியர் வண்டியை ஓரம் கட்டினான். சொல்லாமலே இறங்கினான், அவளும் இறங்கினாள். அவன் கைப்பிடிச் சுவரில் குனிந்து, கீழே ஒரு வளைவின் நெற்றிக் கல்லைக் காட்டினான். அதில் ஒரு மீன் செதுக்கியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் வேறு வேறு மீன். பாலம் கட்டிய காலத்தில் சுண்ணாம்புக் கலவை சுமந்தவர்கள் மீனவர்கள் என்றும், காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக முடியாதபோது இங்கே வேலை செய்தார்கள் என்றும், ஒரு பழைய அறிக்கையில் படித்ததாகச் சொன்னான். அடுத்த வெள்ளத்தில் இரண்டாவது தூணுக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் தனக்குத் தூக்கம் வராது என்றும் சொன்னான். பேசப் பேச அவன் முகம் மாறியது.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டா ஒண்ணும் இல்லன்னீங்க?"

"இது பாலம்ங்க. பாலத்தைப் பாக்க யாரு வருவா?"

"படகைப் பாக்க யாரு வருவான்னுதான் நானும் இருந்தேன். இப்ப நான் எழுதறப்ப ஏணிக்குக் கீழ நின்னு போட்டோ எடுக்கறாங்க. ஒருத்தன் என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னான்."

பாலத்துக்கு அப்பால், ஆற்று வளைவில் படகு கட்டும் கொட்டகைகள். பாதி கட்டிய படகுகள் விலா எலும்பு தெரிய நின்றன. மரத்தூள் வாசனை. துறைமுகத்துக்கு வரும் புதுப் படகுகள் எல்லாம் பெயரில்லாமல், நிறமில்லாமல், தண்ணீர் வழியாகத்தான் அவளிடம் வந்து சேரும். எங்கிருந்து வருகின்றன என்று அவள் கேட்டதே இல்லை. உளியை வைத்துவிட்டு எழுந்த தலைமைத் தச்சர், அவள் யார் என்று இன்ஜினியர் சொன்னதும் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா அது! நாங்க ஆறு மாசம் இழைச்சு இழைச்சு வழவழன்னு அனுப்பற மரத்தை ஒரே நாள்ல பச்சை அடிச்சு மூடறவங்க."

"மூடலன்னா உங்க ஆணி எல்லாம் துரு பிடிச்சு வெளிய தெரியும் அண்ணே."

"சரியான ஆளுதான்" என்று தச்சர் இன்ஜினியரிடம் சொன்னார். டீ வந்தது. கார்க்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தால் தொந்தரவாக இருக்குமா என்று இன்ஜினியர் கேட்டான். "பாத்தா பரவாயில்ல. யோசனை சொல்லாம இருந்தா சரி" என்றார் அவர்.

மறுகரையில் சாலை கடலை நோக்கித் திரும்பியது. இடிந்த சுங்கச் சாவடி ஒன்று, அதன் ஜன்னலில் முளைத்த மரம், எழுத்து தேய்ந்த மைல் கற்கள். பிறகு வீடுகள். எல்லா வீடுகளும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர்த் தொட்டிகள், துணிக் கொடிகள், சமையலறைப் புகைக்கூண்டுகள், கயிற்றில் தொங்கிய வலைத் துண்டுகள். ஒரு வீட்டின் பின்வாசலில் ஒரு பெண் குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் ஜன்னல் வழியாகக் கேட்டாள்:

"ஏம்மா, லைட் ஹவுஸ் ஊருக்கு இன்னும் எவ்வளவு தூரம்? அங்க ஒரு சாப்பாட்டுக் கடை இருக்காமே?"

பாத்திரம் கழுவிய பெண் நிமிர்ந்தாள். நாத்தனார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்கேல் தலையைத் தூக்கிப் பார்த்தாள். விளக்கு வீட்டுக் கூரைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அதன் இந்தப் பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை.

"என் வீட்டு வாசல்லயே என் வீட்டுக்கு வழி கேக்கறீங்களா?"

"இது வாசலா? இது கொல்லை."

"படகுல வர்றவங்களுக்கு அந்தப் பக்கம் வாசல் அண்ணி. கார்க்காரனுக்கு இதுதான் வாசல்."

அப்போதுதான் ஸ்கேலுக்கு இன்னொன்று உறைத்தது. அவள் ஜீப்பிலிருந்து இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். அங்கே கடலைப் பார்த்தபடி, அவளே ஆசை ஆசையாக எழுதிக் கொடுத்த பலகை தொங்கியது: 'சாப்பாடு தயார்'. சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். அரை மைல் தூரத்தில் போகும் படகுகூட வாசிக்கலாம். சாலையிலிருந்து பார்த்தால் தெரிவது ஒரு தண்ணீர்த் தொட்டியும் மாமனாரின் பனியனும்தான்.

"வந்தவங்க எல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று இன்ஜினியர் கேட்டான்.

"பக்கத்து வீட்டு நாய் குலைக்கும். நான் வெளிய வந்து பாப்பேன்" என்றாள் நாத்தனார்.

பிறகு மூவரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வறுத்த மீன் சூடாக இருந்தது. ஸ்கேலின் வயிறு ஜீப்பை மன்னித்திருந்தது. இன்ஜினியர் இரண்டு முறை சோறு வாங்கினான். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தபடி சொன்னான்:

"மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க யாரும் வர முடியாது. அதை ஒத்துக்கணும். கோட்டையைப் பாத்துட்டு, பாலத்துல நின்னு, கொட்டகைல டீ குடிச்சுட்டு வந்தா சாயங்காலம் ஆயிடும். இருட்டுல அந்த ரோட்ல திரும்பிப் போன்னு நான் யாரையும் சொல்ல மாட்டேன். ராத்திரி தங்க இடம் இருந்தா வழி இங்க முடியும்னு எழுதலாம். இல்லன்னா எழுத முடியாது."

ஸ்கேல் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூடத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். வலைகள் கிடந்த காலத்தில் அங்கே எட்டுப் பேர் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

"நடுவுல பலகை வச்சு அடைச்சா மூணு அறை" என்றாள். "கட்டிலுக்குக் கொட்டகைத் தச்சர்கிட்ட சொல்லணும். கட்டில் வர்ற வரைக்கும் ரெண்டு வீடு தள்ளி என் ஓர்ப்படி வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு. நீங்க எழுதுங்க சார். நான் பாத்துக்கறேன்."

"திங்கட்கிழமைக்குள்ள சுவர் மாறணும்" என்றான் அவன் ஸ்கேலிடம். "படம் தப்பா இருக்கிறப்ப நான் எதையும் அனுப்ப முடியாது."

சுவர்தான் சிக்கல். அக்கரையை அதன் உண்மையான தூரத்துக்குத் தள்ளினால் சுவர் முடிந்துபோகிறது. பாலம் வரைக்கும்தான் இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் டப்பாக்களை எடுத்துவைத்து, வரைபடத் தாளைச் சுவரிலேயே ஒட்டினாள். பெயிண்ட் வட்டங்களுக்கு நடுவே சாலை தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஐஸ் ஃபேக்டரி முதலாளியைப் போய் எழுப்பினாள்.

"முன்பக்கச் சுவரையும் கொடுங்க முதலாளி."

"முன்பக்கமா? அங்க என் ஃபேக்டரி பேரு இருக்கே?"

"அதை ஒரு பயலும் வாசிக்க முடியாது. யாரு எழுதினது?"

"என் மைத்துனன்."

"அவர்கிட்ட சொல்லாதீங்க. பேரை மேல ஏத்தி, புதுசா நான் எழுதித் தரேன். கீழ இடத்தைக் கொடுங்க."

அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சம்மதித்தார்.

அன்று முழுக்க அவள் பிரஷைக் கீழே வைக்கவில்லை. மெக்கானிக் ஏணியைப் பிடித்துக்கொண்டான். துறைமுகத்து ஆட்கள் பழைய அக்கரையைச் சுரண்டினார்கள். சுரண்டியவர்களில் பாதிப் பேர் அந்த ரோட்டில் போனதில்லை. உப்பளத்துக்கு ரோஜா நிறம் அடித்தபோது, "உப்பு எப்ப சிவந்துச்சு?" என்று கேலி செய்தார்கள். "ஜீப்ல ஏறிப் போய்ப் பாரு. வாந்தி வந்தாலும் பரவாயில்ல, பாரு" என்றாள் மேலிருந்து. பாலத்தின் ஒவ்வொரு வளைவிலும் மீனைப் போட்டாள். மூலையில் சாலை திரும்பியது. அவளும் ஏணியைத் திருப்பிப் போட்டு முன்பக்கச் சுவருக்குப் போனாள். கொட்டகைகள், சுங்கச் சாவடி, முதுகைக் காட்டிய வீடுகள். இந்த முறை வீடுகளை முதுகிலிருந்தே வரைந்தாள், துணிக் கொடியும் தொட்டியுமாக. கடைசியில் விளக்கு. கோட்டையிலிருந்து விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால் மூலையைச் சுற்றி நடந்து வர வேண்டும்.

திங்கட்கிழமை காலை இன்ஜினியர் வந்து, சுவரில் இருந்த கோட்டைக்கு முன்னால் நின்று, மெதுவாக நடந்து, மூலையில் திரும்பி, விளக்கு வரை போனான். திரும்ப வந்து, காகிதத்தை ஜீப்பின் மூக்கில் வைத்துக் கையெழுத்திட்டான்.

அடுத்த வாரம் ஒரு காலை நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, நேத்து சாயங்காலம் ரெண்டு கார். நாய் குலைக்கவே இல்ல, ரோட்டுப் பக்கம் மாத்தி மாட்டின பலகையப் பாத்துட்டு நேரா வந்துட்டாங்க. எல்லாரும் தங்கிட்டாங்க. கட்டில் ஒண்ணு குறைஞ்சுது, நான் தரையில படுத்தேன்."

"முதுகு வலிக்குதா?"

"கூடை சுமந்த முதுகுக்கு இது ஒரு வலியா? அதை விடுங்க. அதுல ஒரு அம்மா கேக்குது, காலையில முகத்துவாரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் படகுல போக முடியுமா, கோட்டைய கடல்லேந்து பாக்கணுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? ஏத்தி அனுப்பிட்டேன். இப்ப உங்க கரைக்கு வந்துடும். அரை மணி நேரம்தானே? போய் இறக்கி விடுங்க."